புற்றுநோயில் உடல் கரைவதற்குச் சீன மூலிகை மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அத்தைக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தபோது நாங்கள் மலேசியாவின் ஈப்போவில் இருந்தோம். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே சீன மருந்துக்கடைகள். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். நான் மருந்தாளுநராக வேலை பார்க்கிறவள் என்பதால் வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று நாங்கள் கேட்ட கேள்விகளையும், அதன்பிறகு மற்ற குடும்பங்கள் என்னிடம் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஓரளவு சாப்பிடத்தான் செய்கிறார். ஆனாலும் உடம்பு கரைந்துகொண்டே போகிறதே, ஏன்?

பட்டினியால் மெலிவதும் இதுவும் ஒன்றல்ல. பட்டினி கிடக்கும் உடம்பு முதலில் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும். தசையை முடிந்தவரை காப்பாற்றும். சோறு கிடைத்ததும் இழந்ததைத் திரும்பப் பிடித்துவிடும். புற்றுநோயில் நடப்பது வேறு. கட்டியும், அதை எதிர்க்கும் நம் நோயெதிர்ப்பு அணுக்களும் சேர்ந்து இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. அவற்றின் தூண்டலில், தசை தன் சொந்தப் புரதத்தையே துண்டு துண்டாக நறுக்கத் தொடங்குகிறது. அதே நேரத்தில் ஜிடிஎஃப்-15 என்ற இன்னொரு பொருள் மூளையின் அடிப்பகுதிக்குப் போய்ப் பசியை அணைத்து, குமட்டலைக் கிளப்புகிறது. தாளிக்கிற வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களே, அது பிடிவாதம் இல்லை.

மருத்துவர்கள் இதைக் கேக்கெக்சியா என்பார்கள். கெட்ட நிலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முற்றிய புற்றுநோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இது வருகிறது. கணையம், இரைப்பை, நுரையீரல் புற்றுநோய்களில் அதிகம்.

பசி குறைவதும் தசை கரைவதும் ஒன்றையொன்று மோசமாக்குகின்றன. ஆனால் இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடிப்படை. யாராவது ஒரு கஷாயத்தைக் காட்டி “இது உடம்பைத் தேற்றும்” என்றால், பசியைத் தூண்டும் என்கிறார்களா, தசையை வளர்க்கும் என்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

எவ்வளவு எடை குறைந்தால் கவலைப்பட வேண்டும்?

2011-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கேக்கெக்சியா. அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்குக் கீழே இறங்கினால். ஏற்கெனவே ஒல்லியாக, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 20-க்குக் கீழே இருப்பவருக்கு 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே போதும்.

குண்டானவர் மெலிந்தால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. கொழுப்புக்கு அடியில் தசை போய்க்கொண்டிருப்பது வெளியே தெரியாது. மாடிப்படி ஏற முடியவில்லை, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், தராசு என்ன காட்டினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சீன மருத்துவம் இதை எப்படிப் பார்க்கிறது?

சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்பது நாம் ஸ்கேனில் பார்க்கிற உறுப்பு மட்டுமல்ல. உண்டதைச் செரித்து, அதன் சாரத்தை உடம்பெங்கும் அனுப்புகிற ஆற்றலுக்கே அந்தப் பெயர். ‘மண்ணீரல் தசைகளை ஆள்கிறது’ என்பது அவர்களுடைய மூல நூலான ஹுவாங்தி நெய்ஜிங் காலத்திலிருந்து வரும் கருத்து. அது தளர்ந்தால் கைகால் சூம்பும், நாக்கு வெளுக்கும், சோறு இறங்காது. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ஹான் அரசின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் உடல் தேயும் நோய்களுக்கென்றே தனிப் பகுதி எழுதியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது லி காவோவின் கதை. 1180-இல் பிறந்தவர், லி தோங்யுவான் என்றும் சொல்வார்கள். 1232-இல் மங்கோலியப் படை இன்றைய கைஃபெங் நகரத்தை முற்றுகையிட்டது. முற்றுகை விலகிய பிறகும் நகரத்துக்குள் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மற்ற வைத்தியர்கள் இதை வெளியிலிருந்து வந்த குளிர் நோய் என்று நினைத்து வியர்க்க வைத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். பசியாலும் அலைச்சலாலும் உள்ளே செரிமானமே நொறுங்கிப்போன உடம்புகள் இவை, இவற்றை மேலும் வடிக்கக் கூடாது, தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றார் லி காவோ. ‘நடுப்பகுதியைத் தேற்றி உயிராற்றலைக் கூட்டும் கஷாயம்’ என்று பொருள்படும் பு ஜோங் யி ச்சி தாங் அவர் வகுத்தது. இன்று புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் கஷாயங்களில் முக்கியமானது அது.

மெலிந்தவரை மேலும் வருத்தாதே என்ற அந்தப் பார்வையை நான் மதிக்கிறேன். ஆனால் லி காவோ பார்த்தது முதன்மையாகப் பட்டினியும் களைப்பும். நம் வீட்டில் இருப்பது அழற்சி மூட்டும் கட்டி. அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

எந்தெந்தக் கஷாயங்களைச் சொல்கிறார்கள்? அவற்றில் என்ன இருக்கிறது?

மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். லி காவோவின் கஷாயம் ஒன்று; ஜப்பானில் அதன் பெயர் ஹோச்சூஎக்கிதோ. இரண்டாவது, பத்து மூலிகைகள் சேர்ந்த ஷி சுவான் டா பு தாங். சோங் பேரரசின் அரசு மருந்தகக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது.

மூன்றாவது, அதிகம் ஆராயப்பட்டது: லியூ ஜுன் ட்ஸு தாங். ஜப்பானில் ரிக்குன்ஷிதோ. ‘ஆறு சான்றோர் கஷாயம்’ என்று தமிழில் சொல்லலாம். ஜின்செங் வேர், பைஜு என்ற கிழங்கு, பைன் மர வேரில் விளையும் ஃபூலிங் என்ற பூஞ்சை, அதிமதுரம் ஆகிய நான்கோடு, உலர்த்தி நாள்பட வைத்த ஆரஞ்சுத் தோலும் பான்சியா கிழங்கும் சேர்ந்தால் ஆறு. கூடவே இஞ்சியும் சீன இலந்தையும் போடுவதால் பொட்டலத்தில் எட்டு இருக்கும். பான்சியா பச்சையாக இருந்தால் தொண்டையை அறுக்கும். இஞ்சி முதலியவற்றோடு பக்குவம் செய்துதான் சேர்க்க வேண்டும். வீட்டில் தானாகக் காய்ச்சிப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு அறிவியல் ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?

பசி விஷயத்தில் இருக்கிறது. 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற இருவரின் ஆய்வுக்குழு இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. மூளைக்குப் போய் ‘பசிக்கிறது’ என்று சொல்வது இதுதான். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றியதும் குடலிலிருந்து செரோட்டோனின் என்ற பொருள் கொட்டுகிறது, அது கிரெலினைக் குறைக்கிறது, பசி செத்துப்போகிறது. 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளுக்கு ரிக்குன்ஷிதோ கொடுத்தபோது கிரெலின் மீண்டது, எலிகள் தின்றன. ஆரஞ்சுத் தோலில் உள்ள சில பொருள்கள் செரோட்டோனின் அப்படி வேலை செய்யும் வழியை அடைப்பதாகக் கண்டார்கள். 2011-இல் வந்த இன்னோர் ஆய்வில் புற்றுக்கட்டி வளர்க்கப்பட்ட எலிகள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. ஒரு பழைய கஷாயத்தின் வேலை இப்படி ஹார்மோன் வரைக்கும் துலக்கமாவது அபூர்வம்.

மனிதர்களிடம் வரும்போது ஆதாரம் மெலிகிறது. லி காவோவின் கஷாயத்தைக் கொரியாவில் 40 புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். இரண்டு வாரத்தில் களைப்பு குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஒப்பிட்ட மறுபாதிக்குப் போலி மருந்துகூட (பார்வைக்கு மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது) தரப்படவில்லை, வெறுமனே காத்திருந்தார்கள். தனக்கு மருந்து கிடைக்கிறது என்று தெரிந்தாலே களைப்பு கொஞ்சம் குறையும். கஷாயத்தின் வாசனையும் கசப்பும் உள்ள போலி மருந்தைத் தயாரிப்பதும் சுலபமில்லை.

அமெரிக்காவில் 364 பேரிடம் நடந்த பெரிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்க ஜின்செங் தினம் 2000 மில்லிகிராம், எட்டு வாரம், மறுபக்கம் போலி மருந்து. நான்கு வாரத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. எட்டாவது வாரத்தில் களைப்பு குறைந்திருந்தது. இதுவும் களைப்பைப் பற்றிய ஆய்வுதான்.

அப்படியானால் தசை வளருமா?

வளரும் என்று காட்டிய நம்பகமான பெரிய மனித ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. வளரும் என்று உறுதி சொல்லி விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

எலிக்கு வேலை செய்தது மனிதருக்குச் செய்யாதா?

செய்யலாம், செய்யாமலும் போகலாம். சீனத்து ஹுவாங்லியன் வேரும், அதிலுள்ள பெர்பெரினும் கட்டி உள்ள எலிகளில் இன்டர்லூக்கின்-6-ஐக் குறைத்து எடை இழப்பைத் தணித்தன. ஆனால் ஆய்வு எலியின் கட்டி அதன் எடையில் பத்தில் ஒரு பங்குவரைகூட வளர்ந்துவிடும். 60 கிலோ மனிதருக்கு 6 கிலோ கட்டி என்று நினைத்துப் பாருங்கள். சில வாரத்தில் முடிந்துவிடும் எலியின் நோயும் மாதக்கணக்கில் இழுக்கும் மனிதரின் நோயும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

அதிமதுரத்திலிருந்து தொடங்குகிறேன். மேலே சொன்ன மூன்று கஷாயங்களிலும் அது உண்டு. அதிலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுக்கிறது. விளைவாக உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரில் போய்விடுகிறது. இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை பலமிழக்கும். தசைக்காகக் குடித்த கஷாயமே தசையைத் தளர்த்தும்.

அத்தைக்கு இதுதான் நடந்தது. நல்லெண்ணத்தோடு ஒருவர் ஒரு கஷாயம் கொடுத்தார், இன்னொருவர் வேறொன்று. இரண்டிலும் அதிமதுரம். மருத்துவமனையில் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அதன் பங்குக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்து. பத்து நாளில் எடை இரண்டு கிலோ ஏறியது. மாமா தராசைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார், அவ்வளவு சந்தோஷம். மருந்தாளுநரான எனக்கே உறைக்கவில்லை. அத்தையால் கழிப்பறையிலிருந்து எழ முடியாமல் போன அன்றுதான் அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. ஏறியது தசையில்லை, தண்ணீர். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மிகத் தாழ்ந்திருந்தது. இரண்டு கஷாயத்தையும் நிறுத்தி, பொட்டாசியம் கொடுத்து, மீட்க மூன்று வாரம் பிடித்தது. அவருக்கு இருந்த நாட்களில் அந்த மூன்று வாரம் சின்ன விஷயமில்லை.

மற்ற ஆபத்துகளும் கற்பனையானவை அல்ல. ஜப்பானில் ஷோ-சைக்கோ-தோ என்ற கஷாயம் கல்லீரல் அழற்சிக்கு வெகுவாகக் கொடுக்கப்பட்டு வந்தது. நுரையீரல் அழற்சி 88 பேருக்கு வந்து, 10 பேர் இறந்ததாக 1996-இல் அரசு எச்சரித்தது. அரசே தரம் பார்க்கிற மருந்து அது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில், உடல் மெலிக்க விரும்பிய பெண்களுக்குக் கொடுத்த மாத்திரையில் ஃபாங் ஜி என்ற ஒரு மூலிகைக்குப் பதில் அதே பெயர்கொண்ட வேறொரு மூலிகை கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பலருக்கு அப்புறம் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயே வந்தது. அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கென்று விற்ற பிசி-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கலவையைச் சோதித்தபோது, உள்ளே இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின் உள்ளிட்ட ஆங்கில மருந்துகள் இருந்தன. 2002-இல் அது சந்தையிலிருந்து போனது.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை: ஜின்செங் அதன் பலத்தைக் குறைக்கும், பத்து மூலிகைக் கஷாயத்தில் உள்ள டாங்குய் வேர் அதைக் கூட்டிவிடும். இமாட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரையோடு ஜின்செங் சேர்த்தவருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

ஜப்பானில் மருத்துவர்களே எழுதித் தருகிறார்களாமே?

உண்மைதான். அங்கே 148 கஷாயங்கள் அரசுக் காப்பீட்டில் வருகின்றன. ஆலையில் தயாரித்த துகள்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் எண். 43 என்றால் ரிக்குன்ஷிதோ, 41 என்றால் ஹோச்சூஎக்கிதோ. எழுதுகிறவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருகிற அதே எம்பிபிஎஸ் மாதிரிப் படித்த மருத்துவராகவே இருக்கலாம். பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டே கொடுப்பார். நாம் இணையத்தில் பெயரைப் பார்த்து எங்கிருந்தோ வரவழைக்கும் புட்டியில் அந்தக் கண்காணிப்பு வருவதில்லை. ஜப்பானியர் குடிக்கிறார்கள் என்பது நமக்குத் துணையாகாது.

நம் அமுக்கராவும் ஜின்செங்கும் ஒன்றுதானா?

இல்லை. ‘இந்திய ஜின்செங்’ என்பது விற்பனைக்காக வைத்த பெயர். குடும்பமே வேறு. அமுக்கராவால் கல்லீரல் பாதிப்பு வந்த நிகழ்வுகளும் உண்டு. கீமோ காலத்தில் கேட்காமல் தொடாதீர்கள்.

அப்படியானால் வேறு என்னதான் செய்வது?

மருந்துகளில் எனக்கு நம்பிக்கை தருவது நம் பக்கத்திலிருந்தே வந்த ஒரு சோதனை. புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை, கல்லீரல்-கணையப் பகுதி, நுரையீரல் புற்றுநோயாளிகள் 124 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஒலான்ஸபின் என்ற பழைய, மலிவான மாத்திரையை வெறும் 2.5 மில்லிகிராம் அளவில் 12 வாரம் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேர் 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடினார்கள். போலி மருந்து சாப்பிட்டவர்களில் 9 சதவீதம். 2023-இல் வெளியான இந்த முடிவை வைத்து அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் தன் பரிந்துரையையே திருத்தியது. இது மனநல மருந்தாயிற்றே என்று மிரள வேண்டாம். அளவு மிகக் குறைவு. தூக்கம் வரும், அதனால் இரவில் கொடுப்பார்கள். உங்கள் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கிரெலினைப் போலவே வேலை செய்யும் அனமொரெலின் மாத்திரையை ஜப்பான் 2021-இல் அனுமதித்தது. ஐரோப்பா அதற்கு முன்பே, 2017-இல் மறுத்துவிட்டது. ஏன் தெரியுமா? சோதனைகளில் கொழுப்பில்லாத உடல் எடை கூடியது. ஆனால் கைப்பிடி வலு கூடவில்லை. ரிக்குன்ஷிதோ மறைமுகமாகத் தொடுகிற அதே பாதையை நேரடியாகத் தொட்ட மருந்துக்கே இந்த நிலைமை. ஜிடிஎஃப்-15-ஐப் பிடித்து நிறுத்தும் பொன்செக்ரோமாப் என்ற ஊசி 2024-இல் வந்த நடுக்கட்டச் சோதனையில் எடையை நன்றாகவே கூட்டியிருக்கிறது.

சாப்பாட்டில், ஐரோப்பிய ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்வது எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத புரதம், முடிந்தால் ஒன்றரை. 50 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 50 முதல் 75 கிராம். கேட்க லேசாக இருக்கும்; ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய அவ்வளவே. கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால் பாதிகூட எட்டாது. கஞ்சியில் பயறு, பால்பவுடர், நன்றாக வேகவைத்து அடித்த முட்டை என்று சேருங்கள். மூன்று வேளைக்குப் பதில் ஆறு சின்ன வேளை. எண்ணெயைக் குறைக்கிற நேரம் இதுவல்ல.

அப்புறம் அசைவு. படுத்தே இருக்கும் தசை இன்னும் வேகமாகக் கரையும். நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருவது, வாசல் வரை நடப்பது, அவ்வளவே சில நாட்களுக்குப் போதும். சிறுநீரகக் கோளாறோ எலும்பில் பரவலோ இருந்தால் மட்டும் புரதத்துக்கும் பயிற்சிக்கும் முன்னால் மருத்துவரைக் கேளுங்கள்.

கஷாயம் குடிப்பதைச் சொன்னால் டாக்டர் திட்டுவாரே?

திட்டினாலும் சொல்லுங்கள். “கொஞ்சம் நாட்டு மருந்து எடுக்கிறோம்” என்று மழுப்பினால் அவரால் எதையும் சரிபார்க்க முடியாது. பொட்டலத்தையே கொண்டுபோங்கள். ஒவ்வொரு மூலிகையின் பெயரும் சீன எழுத்தில் எழுதியிருந்தால் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கினீர்கள், எத்தனை வேளை என்று குறித்து வையுங்கள். சிங்கப்பூரில் சீன வைத்தியர்கள் அரசிடம் பதிவு செய்தே தொழில் செய்ய முடியும். அப்படிப்பட்டவரிடம் போனால் கீமோ மருந்துகளின் பட்டியலை அவரிடமும் காட்டுங்கள். கேட்காமலே மருந்து கட்டுகிறவர், “கீமோவை நிறுத்து” என்கிறவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவர் சம்மதித்தால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கஷாயம். இரண்டு வாரத்துக்கொருமுறை பொட்டாசியமும் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையும் பார்க்கக் கேளுங்கள். நான்கு வாரத்தில் குமட்டலோ பசியோ தேறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

எதுவும் இறங்கவில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டலாமா?

ஒரு கட்டத்துக்கு அப்பால் உணவாலும் மருந்தாலும் எடையை மீட்க முடியாத நிலை வரும். அப்போது உடம்பு உணவைப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. வற்புறுத்தி ஊட்டினால் வாந்தியும் புரையேறலும்தான் மிஞ்சும். அவர் சாப்பிடாததால் சாகவில்லை; நோய் முற்றியதால் சாப்பிட முடியவில்லை. ஊட்டாமல் விட்டோமே என்று பின்னால் புழுங்கும் பிள்ளைகளுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். வாயை ஈரமாக வைத்திருங்கள், உதட்டில் வெண்ணெய் தடவுங்கள், கேட்டதை ஒரு கரண்டி கொடுங்கள்.

அந்தக் கட்டத்தில் கஷாயத்தைத் தொடரலாமா?

கசப்பாக இருக்கிறது என்று முகம் சுளித்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். எங்கள் அத்தை இரண்டு மாதம் வாய் திறக்காமல் குடித்துக்கொண்டிருந்தார், எங்கள் மனம் நோகக்கூடாதென்று. நிறுத்திய பிறகுதான் சொன்னார், தனக்கு அது ஒருநாளும் பிடிக்கவில்லை என்று. கடைசி வாரத்தில் அவர் கேட்டது மோர். சுக்குத் தட்டிப் போட்டு, உப்புக் குறைவாக. மாமா கலக்கிக் கொடுத்தார், இரண்டு கரண்டி இறங்கியது.